சாலையில் ஒரு சட்டம், சுவரில் ஒரு பலகை: இங்கிலாந்தின் சக்கரப் பூட்டு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கிழக்கு லண்டனில் வால்தம் ஃபாரஸ்ட் என்ற பகுதி இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் அங்கே காரில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு வழியிலேயே குமட்டல் எடுத்தது. சாலையை ஒட்டிக் கண்ணில் பட்ட காலி இடத்தில் வண்டியை விட்டுவிட்டு அவசரமாக இறங்கினார். சில நிமிடங்களில் திரும்பி வந்து பார்த்தால் சக்கரத்தில் பூட்டு தொங்கியது. அதை எடுக்க 105 பவுண்டு கேட்டார்கள். வேறு வழியின்றிக் கட்டினார். பிறகு வழக்குத் தொடுத்தார். எதிர்வாதியாக நின்றது அந்தப் பகுதியின் மாநகராட்சி.

அனுமதியின்றி நிறுத்தினால் வண்டி பூட்டப்படும் என்று சுவரில் பலகை இருந்தது. அதற்குப் பிறகும் நிறுத்தியவர் விளைவை ஏற்றுக்கொண்டவராகிறார் என்பது மாநகராட்சியின் வாதம். கீழ்நீதிமன்றம் இதற்குத் தலையசைத்தது. 2000 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. பக்கத்தில் நின்றிருந்த உயரமான வண்டி ஒன்று பலகையை மறைத்திருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. பார்க்காத ஒன்றுக்குச் சம்மதம் கொடுத்திருக்க முடியாது. ஆகவே பூட்டியது அவருடைய உடைமைமீது நடந்த அத்துமீறல் என்றார்கள் நீதிபதிகள்.

சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கைச் சம்மதம் என்ற தலைப்பில் நடத்துகிறார்கள். நான் இதை எடுத்துக்கொள்வது வேறு காரணத்துக்காக. பூட்டுப் போடச் சொன்னது ஒரு தனியார் முதலாளி அல்ல, உள்ளாட்சி அமைப்பு. அதே மாநகராட்சி அதே காரைப் பொதுச் சாலையில் பூட்ட முனைந்திருந்தால் எந்த வகைப் பூட்டு, யார் போடலாம், வண்டியில் என்ன எழுதி ஒட்ட வேண்டும், எவ்வளவு வாங்கலாம், யாரிடம் முறையிடலாம் என்று ஒவ்வொன்றுக்கும் நாடாளுமன்றம் எழுதிவைத்த விடை இருந்திருக்கும். சில அடி தள்ளி, சாலைக்கு வெளியே பூட்டியதால் அந்தச் சட்டம் எதுவும் பொருந்தவில்லை. அங்கே ஒரு சுவரும் ஒரு பலகையும் போதுமானதாக இருந்தது. ஒரே உள்ளாட்சிக்கு இப்படி இரண்டு முகங்கள் இருந்தன: சாலையில் அது சட்டத்தால் கட்டப்பட்ட அதிகாரி, சாலையைவிட்டு இறங்கினால் மற்ற நிலக்காரர்களைப் போல ஒரு நிலக்காரர். இந்த இரண்டாவது முகத்தைப் பறிக்க அரசுக்கு 2012 வரை பிடித்தது.

டென்வரிலிருந்து லண்டனுக்கு

பூட்டு பிறந்தது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில். அபராதம் கட்டாத வண்டிகளைக் காவல்துறை இழுத்துக்கொண்டுபோய்க் கிடங்கில் வைத்தது. அங்கே உதிரிபாகங்கள் திருடு போயின. உரிமையாளர்கள் காவல்துறை மீதே இழப்பீடு கேட்டார்கள். வண்டியை நின்ற இடத்திலேயே நிறுத்திவைக்க ஒரு கருவி இருந்தால் இந்தத் தலைவலி தீரும். அதைச் செய்துகொடுத்தவர் ஃபிராங்க் மாரக்; வார்ப்பு அச்சுகள் செய்யும் தொழிலாளி, டென்வர் சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவரும்கூட. 1955 ஜனவரியில் நகரம் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. முதல் 25 நாட்களிலேயே 18,000 டாலருக்கு மேல் நிலுவை வசூலானதாகச் சொல்வார்கள். 1958இல் காப்புரிமை கிடைத்தது.

சாலையைச் சீர்ப்படுத்துவதற்காக அல்ல, கடனை வசூலிப்பதற்காகவே இந்தக் கருவி உருவானது. பிற்காலச் சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

லண்டனுக்கு அது 1983இல் வந்தது. முந்தைய ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் அதற்கு வழி செய்திருந்தது. நகரின் மையப் பகுதிகளில், காவல்துறையின் கையில், ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கினார்கள். அபராதச் சீட்டுகளைக் கசக்கி எறிந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த வாகன ஓட்டிகளுக்கு அந்த மஞ்சள் இரும்பு பெரும் அதிர்ச்சியாக இருந்தது.

1984ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட கடிவாளம்

1984ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தில் 104, 105 என்ற இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. வறண்ட நடைதான். ஆனாலும் ஓர் அரசு தன் கையிலிருக்கும் முரட்டுக் கருவியை எப்படிக் கட்டிவைக்க வேண்டும் என்பதற்கு நான் காட்டக்கூடிய நல்ல உதாரணம் இவைதான்.

முதலில் கருவி. வாகனத்தை நகரவிடாமல் செய்யும் எந்த இரும்பும் இந்தச் சட்டத்தின் கண்ணில் பூட்டு ஆகிவிடாது. அந்தப் பணிக்காக அமைச்சர் ஒப்புதல் அளித்த வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று வரையறையிலேயே எழுதிவிட்டார்கள். உள்ளூர்ப் பட்டறையில் சங்கிலியும் கொக்கியுமாக ஒன்றைச் செய்து மாட்டினால் அதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. இது வெறும் தொழில்நுட்பக் கட்டுப்பாடு என்று தோன்றலாம். ஆனால் ஒப்புதல் தரும் அதிகாரம் மத்தியில் இருக்கும்போது, பூட்டும் அதிகாரத்தின் வாசல்கதவும் மத்தியில்தான் இருக்கிறது. உள்ளூரில் யாருக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் தன்னிஷ்டத்துக்கு ஒரு கருவியை இறக்க முடியாது.

அடுத்தது ஆள். தொடக்கத்தில் காவலர் மட்டும், அல்லது அவருடைய உத்தரவின்படி இயங்குபவர். பூட்டை எடுப்பதற்கும் அதே விதி. பிறகு அறிவிப்பு: பூட்டு மாட்டியிருக்கிறது, வண்டியை நகர்த்த முயலாதீர்கள், எடுக்க இன்னின்னது செய்யுங்கள் என்று எழுதி வண்டியிலேயே ஒட்ட வேண்டும். அந்த அறிவிப்பைக் கிழித்தால் ஒரு குற்றம். பூட்டை உடைத்தால் அதைவிடப் பெரிய குற்றம். விடுவிப்புக் கட்டணம் விதிகளில் நிர்ணயித்த தொகை. பூட்டுகிற ஆள் அன்றைக்குக் கேட்பது அல்ல.

விலக்குகளையும் சட்டமே சொன்னது. மாற்றுத்திறனாளிக்கான அட்டை முறையாக வைக்கப்பட்ட வண்டியைப் பூட்டக் கூடாது. மீட்டரில் காசு போட்டு நிறுத்தியவருக்கு நேரம் முடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் தவணை உண்டு. இந்த இரண்டாவது விலக்கு ரொம்பத் தாராளமாக இருந்தது. 1991ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் லண்டனில் பூட்டும் அதிகாரத்தை உள்ளாட்சிகளின் வாகன நிறுத்தப் பணியாளர்களிடம் கொடுத்தபோது அதைப் பதினைந்து நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். காவலர் கையில் இருந்தவரை இரண்டு மணி நேரம் பொறுத்த சட்டம், அபராத வருமானத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உள்ளாட்சியின் கைக்குப் போனதும் பதினைந்து நிமிடமே பொறுத்தது. தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

சாலைக்கு வெளியே

இவ்வளவு கட்டுப்பாடும் பொதுச் சாலைக்கு. கடைகளின் பின்புறம், குடியிருப்பு வளாகம், மருத்துவமனை முற்றம், உள்ளாட்சிக்கே சொந்தமான மனைகள் ஆகிய இடங்களில் 1980களின் பிற்பகுதியிலிருந்து தனியார் பூட்டுக்காரர்கள் பெருகினார்கள். அவர்களுக்கு அதிகாரம் தந்த சட்டம் எதுவும் இல்லை. தடுத்த சட்டமும் இல்லை. ஆகவே கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே நடந்ததில் கொஞ்சம் வேடிக்கையும் உண்டு.

இங்கிலாந்தில் ஒருவர் தனியார் இடத்தில் நிறுத்திய தன் காரில் பூட்டைப் பார்த்தார். 25 பவுண்டு கொடுக்க மறுத்தார். வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து பூட்டை அறுத்துவிட்டு வண்டியை எடுத்துப் போனார். பிறர் சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றவாளி அவர்தான் என்று தீர்ப்பாகி, மேல்முறையீட்டிலும் அது நின்றது. 1992இல் ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய இதே நிலவரம் உயர் குற்றவியல் நீதிமன்றத்தின் முன் வந்தது. தலைமை நீதிபதி ஹோப் பிரபு தலைமையிலான அமர்வு நேர் எதிராகச் சொன்னது: ஒருவருடைய காரை அவர் பயன்படுத்த முடியாமல் செய்வது திருட்டு, விடுவிக்கப் பணம் கேட்பது மிரட்டிப் பறித்தல். ஒரே முடியாட்சிக்குக் கீழே எல்லைக்குத் தெற்கே பூட்டை உடைத்தவர் குற்றவாளி, வடக்கே பூட்டைப் போட்டவர் குற்றவாளி. ஸ்காட்லாந்தில் தனியார் பூட்டு அன்றோடு முடிந்தது.

இங்கிலாந்து நீதிபதிகள் அந்தப் பாதையில் போகவில்லை. கார்ன்வால் பகுதியில் உள்ள ட்ரூரோ நகரின் ஒரு வாகன நிறுத்தம் தொடர்பான வழக்கு 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி சர் தாமஸ் பிங்காமின் அமர்வுக்கு வந்தது. பூட்டை எடுக்க 40 பவுண்டு, இழுத்துப்போன வண்டிக்கு 90 பவுண்டு என்று பலகையில் எழுதியிருந்தது. அத்துமீறி நுழைந்த மாட்டைப் பிடித்துக்கட்டி, அது தின்ற பயிருக்கு ஈடு வாங்கும் பழைய உரிமை நிலக்காரர்களுக்கு இருந்தது. அதையே காருக்கும் பொருத்துங்கள் என்று பூட்டுக்காரர் தரப்பு வாதாடியது. பட்டிமாட்டுச் சட்டத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் வேறொரு கதவைத் திறந்துவிட்டது: பலகையைப் படித்துவிட்டு நிறுத்தியவர் பூட்டுக்கு இசைந்தவரே. கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும், பணம் தந்ததும் தாமதமின்றி விட வேண்டும், தொடர்புகொள்ள வழி இருக்க வேண்டும் என்று சில நிபந்தனைகளையும் சேர்த்தது.

அந்த நிபந்தனைகள் நல்லவைதான். ஆனால் அவற்றைச் சோதிக்க வேண்டுமானால் காரோட்டி முதலில் பணத்தைக் கட்டி வண்டியை மீட்டு, பிறகு வழக்கறிஞரைப் பிடித்து, நீதிமன்றம் ஏற வேண்டும். 80 பவுண்டுக்கு யார் அதைச் செய்வார்கள்? ஆயிரத்தில் ஒருவர் செய்தார். அவர்களில் ஒருவர்தான் வால்தம் ஃபாரஸ்ட் பெண். அவர் ஜெயித்த பிறகு பூட்டுக்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம் பலகையைக் கொஞ்சம் உயரத்தில் மாட்ட வேண்டும் என்பது மட்டுமே.

பூட்டின் அடிப்படைத் தந்திரம் இங்கேதான் இருக்கிறது. அபராதச் சீட்டு வந்தால் பணம் உங்களிடம் இருக்கும், வாதாடும் சுமை கேட்பவருக்கு. பூட்டு விழுந்தால் பணமும் வண்டியும் அவர் பிடியில், வாதாடும் சுமை உங்களுக்கு. இரவு பதினொரு மணிக்குக் குழந்தையோடு நடைபாதையில் நிற்பவர் சட்டம் பேச மாட்டார். இந்தச் சமனின்மைதான் பூட்டைத் தனியார் விரும்பியதற்கும் அரசு அஞ்ச வேண்டியதற்கும் காரணம்.

உரிமம் என்ற அரைவழி

2001ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்புத் துறைச் சட்டம் பூட்டுக்காரர்களையும் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் உரிமமின்றி ஒருவர் பூட்டக் கூடாது. குற்றப் பின்னணி பார்த்தார்கள். பயிற்சி கட்டாயமானது. மாற்றுத்திறனாளி அட்டை உள்ள வண்டியையும் அவசரகால வண்டியையும் தொடக் கூடாது, ரசீது தர வேண்டும் என்று நிபந்தனைகள் வந்தன.

பார்ப்பதற்கு இது ஒழுங்குமுறைதான். என் கணிப்பில் இது சரியான கேள்விக்குத் தவறான விடை. உரிமம் தனி ஆளுக்கு. அவரை அனுப்பிய நிறுவனத்துக்கு அல்ல. கட்டணத்துக்கு உச்சவரம்பு இல்லை. சுதந்திரமான முறையீட்டு மன்றம் இல்லை. 1984ஆம் ஆண்டுச் சட்டம் சாலையில் எதையெல்லாம் கட்டிவைத்ததோ, அவற்றில் ஆள் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டார்கள். விளைவு, முன்பு உரிமமில்லாமல் நடந்ததே இப்போது சட்டைப்பையில் அடையாள அட்டையோடு நடந்தது. ஏடிஎம் வரை கூட நடந்துபோய்ப் பணம் வாங்கியது, சில நிமிடங்களில் பூட்டியது, பூட்டோடு நில்லாமல் இழுத்துப்போய்க் கட்டணத்தை ஏற்றியது என்று நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களில் புகார்கள் குவிந்தன. உரிமம் வருவதற்கு முன்பே, 2003இல், தங்கநிற உள்ளாடையும் மேலங்கியும் அணிந்து, பூட்டுகளை இலவசமாக அறுத்துத் தருவதாகச் சொல்லிக்கொண்ட ஒருவர் பத்திரிகைகளில் வலம் வந்தார். அவரை நாயகனாகக் கொண்டாடப் பலர் தயாராக இருந்தார்கள் என்பதே மக்களின் மனநிலைக்குச் சான்று.

தொழிற்கட்சி அரசு தன் கடைசி நாட்களில் தவறைத் திருத்த முயன்றது. 2010ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் பாதுகாப்புச் சட்டத்தில் நிறுவனங்களுக்கும் உரிமம், முறையீட்டுக்குத் தனி ஏற்பாடு என்று எழுதினார்கள். சட்டம் ஏப்ரலில் நிறைவேறியது. மே மாதம் ஆட்சி மாறியது. அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வரவே இல்லை. ஆகஸ்டில் கூட்டணி அரசின் உள்துறை இணையமைச்சர் லின் ஃபெதர்ஸ்டோன், சீர்திருத்தம் வேண்டாம், தடையே போடுகிறோம் என்று அறிவித்தார்.

54ஆம் பிரிவு

2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தில் 54ஆம் பிரிவு சில வரிகள்தான். சட்டபூர்வ அதிகாரம் இல்லாமல், வண்டியை எடுக்க உரிமையுள்ளவர் எடுக்க முடியாதபடி செய்யும் நோக்கத்தோடு, ஒரு மோட்டார் வாகனத்தைப் பூட்டுவதோ நகர்த்துவதோ அதன் அசைவைத் தடுப்பதோ குற்றம். இதற்கு அடுத்த வரிதான் கத்தி: வாகன ஓட்டி வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ தந்த சம்மதம் சட்டபூர்வ அதிகாரம் ஆகாது. 1995இல் பிங்காம் திறந்துவிட்ட கதவை ஒரே வரியில் மூடினார்கள். பலகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நீங்கள் அதைப் படித்துக் கையெழுத்தே போட்டிருந்தாலும், பூட்டியவர் குற்றவாளி.

ஒரே ஒரு விலக்கு விட்டார்கள். நிலையான தடுப்புக் கம்பம் உள்ள இடத்தில் அந்தக் கம்பம் வண்டியை நிறுத்தியபோதே இருந்தால், அதற்குச் சம்மதம் செல்லும். இல்லையென்றால் பணம் கட்டினால் மட்டுமே தடுப்பு உயரும் அடுக்குமாடி வாகன நிறுத்தங்கள் எல்லாம் குற்றக்கூடங்கள் ஆகிவிடும். வழிமறித்து நிற்கும் வண்டிகளை என்ன செய்வது என்று நிலக்காரர்கள் கேட்டதற்கு 55ஆம் பிரிவில் விடை வைத்தார்கள்: காவல்துறையும் உள்ளாட்சியும் எந்த நிலத்திலிருந்தும் அப்படிப்பட்ட வாகனங்களை அகற்றும் அதிகாரத்தை விரிவாக்கினார்கள்.

2012 அக்டோபர் 1 அன்று இது நடைமுறைக்கு வந்தபோது செய்திகள் எல்லாம் தனியார் பூட்டுக்காரர்களின் வீழ்ச்சியைக் கொண்டாடின. யாரும் அதிகம் பேசாத விளைவு உள்ளாட்சிகளுக்கு நேர்ந்தது. இந்தப் பிரிவு தனியார் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. சட்டபூர்வ அதிகாரம் இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே கேட்கிறது. ஆகவே, ஒரு மாநகராட்சி தன் குடியிருப்பு வளாகத்தில் நிலக்காரர் என்ற தகுதியில், பலகையை மட்டும் நம்பிப் பூட்டினால் அதுவும் குற்றம். பூட்ட விரும்பினால் போக்குவரத்து ஆணை பிறப்பித்து, சட்டம் சொல்லும் முறைக்குள் வர வேண்டும். வால்தம் ஃபாரஸ்ட் வழக்கில் நாம் பார்த்த இரண்டாவது முகம் இப்படித்தான் போனது. அமைச்சர் ஒப்புதல் தராத கருவியை உள்ளாட்சி மாட்டினாலும் இதே ஆபத்து என்று படிக்கலாம். ஒப்புதல் இல்லையேல் அது சட்டம் சொல்லும் பூட்டு அல்ல, சட்டம் சொல்லும் பூட்டு அல்லவென்றால் அதிகாரமும் இல்லை.

இதற்கு விலையும் உண்டு. அதே சட்டத்தின் நான்காவது அட்டவணை, தனியார் இடத்தில் வண்டி ஓட்டியவர் யாரெனத் தெரியாவிட்டால் பதிவு உரிமையாளரிடமே பணம் கேட்கலாம் என்றது. பூட்டுக்காரர்கள் அபராதச் சீட்டுக்காரர்கள் ஆனார்கள். உரிமையாளர் விவரத்தை ஒரு வண்டிக்கு 2.50 பவுண்டு வீதம் கொடுத்து அரசின் வாகனப் பதிவு முகமையிடம் வாங்குகிறார்கள். இந்தக் கோரிக்கைகள் இப்போது ஆண்டுக்கு ஒரு கோடியைத் தாண்டுகின்றன. அது தனிக் கதை. ஆனால் தபாலில் வரும் சீட்டோடு வாதாடலாம். அந்த அளவில் மாற்றம் உண்மையானது.

இன்றைய உள்ளாட்சிப் பூட்டு

2004ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டமும் அதன் கீழ் 2007இல் வந்த விதிகளும் இங்கிலாந்து உள்ளாட்சிகளின் பூட்டு அதிகாரத்தை வரையறுத்தன. 2022இல் புதுப்பித்த விதிகள் அந்த இடத்துக்கு வந்தன. 2007 ஏற்பாட்டின் முக்கியமான கட்டு நேரம். உரிய நிறுத்துமிடத்தில் நிற்கும் வண்டிக்கு அபராத நோட்டீஸ் வைத்து முப்பது நிமிடம் ஆகாமல் பூட்டக் கூடாது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நோட்டீஸ்களைக் கட்டாமலும் எதிர்த்து முறையிடாமலும் விட்டவர் என்றால் பதினைந்து நிமிடம். ப்ளூ பேட்ஜ் எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டை உள்ள வண்டிக்குப் பூட்டே இல்லை. விடுவிப்புக் கட்டணம் லண்டனுக்கு வெளியே 40 பவுண்டு என்று அட்டவணையிலேயே வந்துவிட்டது. லண்டனில் உள்ளாட்சிகளின் கூட்டுக் குழு நிர்ணயிக்கிறது. மேயரின் இசைவு வேண்டும், அமைச்சர் மறுக்கலாம்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த விதி முறையீட்டைப் பற்றியது. பூட்டு எடுக்கப்பட்ட பிறகு 28 நாட்களுக்குள் வாகன உரிமையாளர் உள்ளாட்சியிடம் எழுதலாம். உள்ளாட்சி 56 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அவர் சொன்னது ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மறுத்துப் பதில் வந்தால் சுதந்திரத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்பே பணம் கட்டியவரின் சுமையை இந்த விதி பாதியாவது திருப்பி வைக்கிறது: பதில் போடாத சோம்பலுக்கு இழப்பு அதிகாரிக்கு. மற்ற நாடுகளிலும் துறைகளிலும் விதி எழுதுபவர்கள் இந்த ஒரு வரியைக் களவாடிக்கொள்ளலாம்.

வருமானத்துக்கும் ஒரு வேலி இருக்கிறது. சாலையோர வாகன நிறுத்தத்தில் மிஞ்சும் பணத்தைப் போக்குவரத்து தொடர்பான நோக்கங்களுக்கே செலவிட வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வடக்கு லண்டனின் பார்னெட் மாநகராட்சி குடியிருப்பாளர் அனுமதிச் சீட்டின் விலையை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக உயர்த்தியபோது ஒருவர் வழக்குப் போட்டார். கூடுதல் வருமானம் திரட்டுவதற்காகக் கட்டணத்தை ஏற்ற இந்தச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்று 2013 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது. அது பூட்டு வழக்கு அல்ல. ஆனால் வாகன நிறுத்தத்தைக் கருவூலமாகப் பார்க்கும் எந்த உள்ளாட்சியும் அதைப் படித்தாக வேண்டும்.

இத்தனை கட்டுகளுக்குள் பூட்டு சுருங்கிப்போனது. அரசின் வழிகாட்டுதலே உள்ளாட்சிகளிடம், பூட்டு நியாயமாகும் சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு என்று சொல்கிறது. காரணம் எளிமையானது: இடைஞ்சலாக நிற்கும் வண்டியைப் பூட்டினால் இடைஞ்சல் நீடிக்கிறது. பேருந்துத் தடத்தில் நிற்கும் காரைப் பூட்டிவைத்து யாருக்கு என்ன லாபம்? திரும்பத் திரும்ப விதி மீறுபவர், முகவரி சிக்காதவர், பணம் வசூலிக்க வேறு வழியில்லாதவர் ஆகியோருக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சுற்றி வந்து டென்வருக்கே சேர்ந்துவிட்டார்கள்: கடன் வசூல்.

ஜப்தி முகவர் கையில்

அந்தக் கடன் வசூல்தான் இப்போது பூட்டு உயிரோடு உலவும் இடம். அபராத நோட்டீஸ் கட்டாமல் நீண்டு, நீதிமன்றத்தில் பதிவாகி, ஆணை பிறந்தால் உள்ளாட்சி அதை ஜப்தி முகவர் நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள்படி முகவர் கடனாளியின் காரைச் சாலையில் பூட்டலாம். ஏழு முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும். வண்டியில் எழுத்து எச்சரிக்கை ஒட்ட வேண்டும். பூட்டிய பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் அங்கேயே விட்டுவைத்துத்தான் இழுத்துப்போக வேண்டும். ப்ளூ பேட்ஜ் வண்டிக்கு இங்கேயும் விலக்கு. தொழிலுக்கு இன்றியமையாத கருவிகள் 1,350 பவுண்டு மதிப்பு வரை விலக்கு என்பதால், வேன் வைத்துப் பிழைக்கும் தச்சர்களும் குழாய் வேலைக்காரர்களும் இந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

ஆனால் கட்டணத்தைப் பாருங்கள். 2014 விதிகள் நிர்ணயித்தபடி, கோப்பு முகவரிடம் வந்த உடனேயே 75 பவுண்டு. அவர் வீட்டு வாசலுக்கு வந்தால் 235 பவுண்டு. விற்பனைக்குப் போனால் இன்னும் 110 பவுண்டு. லண்டனுக்கு வெளியே உள்ளாட்சி ஊழியர் நேரடியாகப் பூட்டியிருந்தால் விடுவிப்புக் கட்டணம் 40 பவுண்டில் முடிந்திருக்கும். அதே உள்ளாட்சியின் சார்பில் அதே காரை முகவர் பூட்டும்போது, மூலக் கடனுக்கு மேல் 310 பவுண்டு. இங்கே 56 நாள் விதி இல்லை. முகவரின் நடத்தை பற்றிப் புகார் இருந்தால் முதலில் அவருடைய நிறுவனத்துக்கே எழுத வேண்டும். அதில் தீராவிட்டால் உள்ளாட்சிக்கு, அதன்பின் உள்ளாட்சிகளுக்கான குறைதீர்ப்பாளருக்கு.

இது நாடாளுமன்றம் தெரிந்தே அனுமதித்த ஏற்பாடு. கடன் கட்டாதவரைப் பற்றி யாருக்கும் அதிக அனுதாபம் இல்லை. எனக்கும் எல்லா நேரமும் இல்லை. ஆனால் வீடு மாறியதால் நோட்டீஸே கைக்கு வராமல், காரில் பூட்டைப் பார்த்த பிறகுதான் கடன் இருப்பதையே அறிகிறவர்கள் உண்டு. அவர்கள் தாமதத்துக்குக் காரணம் காட்டி, சத்தியக் கூற்று அளித்து, நார்தாம்ப்டனில் உள்ள போக்குவரத்து அமலாக்க மையத்தில் ஆணையைத் திரும்பப்பெற விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் போகும்வரை வண்டி எங்கே நிற்கும் என்பது வேறு விஷயம். சாலைப் பூட்டுக்கும் சுவர்ப் பலகைக்கும் இடையிலிருந்த பழைய பள்ளத்தைத் தூர்த்தவர்கள், நோட்டீஸுக்கும் முகவருக்கும் இடையில் புதிதாக ஒன்றைத் தோண்டிவிட்டார்கள் என்பதே என் குறை. விடுவிப்புத் தொகையின் அளவும் முறையீட்டின் வேகமும் யார் பூட்டினார் என்பதைப் பொறுத்து மாறக் கூடாது. இரண்டும் உள்ளாட்சியின் பேரில் நடக்கும் பூட்டுகளே.

2022இல் ஜப்தித் தொழிலைக் கண்காணிக்க அமலாக்க நடத்தை வாரியம் என்ற அமைப்பு தொடங்கியது. புகார்களை விசாரிக்கிறது, நடத்தைத் தரங்களை வகுக்கிறது, பெரும்பாலான பெரிய நிறுவனங்கள் சேர்ந்திருக்கின்றன. தொடங்கும்போது அதற்குச் சட்ட அதிகாரம் கொடுக்கப்படவில்லை. சேர்வது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அதில் சேராத முகவருக்கு வேலை தரமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது உள்ளாட்சிகளின் கையில்தான் இருக்கிறது, அதற்கு நாடாளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை.